திருத்தம் ஏதுமின்றி

இரண்டாண்டுக்கு ஒருமுறை, எண்பது நாள்.
அதற்குள் ஒரு மாநிலத்துக்குச் சட்டம் போட்டு முடிக்க வேண்டும்.
மிச்ச நாளெல்லாம் அவரவர்க்கு
மாடு, சூரியகாந்தி, டிராக்டர் கடன்.

ஆர்லிஸ் ட்வெய்ட் முதன்முதலாக வந்த ஜனவரியில்
பிஸ்மார்க்கில் பால் கேனோடு உறைந்தது.
இரவில் கார் பேட்டரியைக் கழற்றி
கைக்குழந்தைபோல் விடுதி அறைக்குத் தூக்கிப்போனார்.
கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர்.
கன்றை வெளியே இழுத்துப் பழகிய கை
ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்தபோது
அது கீச்சென்றது.

நான் அவையில் குறிப்பெழுதுகிறவள்.
என் தாளில் யாரும் கத்துவதில்லை, வலியுறுத்துகிறார்கள்.
யாரும் உளறுவதில்லை, விளக்கமளிக்கிறார்கள்.
ஆர்லிஸ் கேட்ட முதல் கேள்வி:
"இந்தக் குழாய்க்குள்ள ஒரு நாய் போகுமாங்க?"
எழுதினேன்:
சிறுபாலக் குழாய்களின் விட்டம் குறித்து
மாண்புமிகு உறுப்பினர் வினவினார்.

அதுதான் அவருடைய மசோதா.
பனி உருகும் ஏப்ரலில்
வயல் தண்ணீர் மண்சாலையை அறுத்துக்கொண்டு போகாமல்
அடியில் நுழைந்து கடக்க
பதினெட்டு அங்குலத்துக்குப் பதில் இருபத்து நான்கு.
மூன்று கூட்டத்தொடர், ஆறு வருடம்.
"வருஷத்துக்கு ஓர் அங்குலம்" என்றார்.
(சிரிப்பு) என்று போட்டேன்.
ஆம் என்போர் ஆம் என்றனர்.

பிறகு நிறையக் காலை உணவுகள்.
எண்ணெய்க்காரர்கள் வாங்கித் தந்த அப்பம்,
மருந்துக்காரர்கள் வாங்கித் தந்த அப்பம்,
லூத்தரன் கோயிலின் அடித்தளத்தில்
காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு,
யார் பேரப்பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை என்ற ஞாபகம்.
முழங்கால் மாற்றினார்.
கணவரைப் புதைத்த வாரம்
இரண்டு நாள் விடுப்பு, மூன்றாம் நாள் வேளாண் குழு.

பத்தாவது கூட்டத்தொடர்.
எண்ணெய்க் கிணற்றின் உப்புக் கழிவுநீர்க் குழி
குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்?
குறைக்கலாம் என்றது மசோதா.
எதிர்ப்பேன் என்று பக்கத்துப் பண்ணை டுவேன் ஸ்லெட்டனிடம்
வேலியோரம் நின்று சொல்லியிருந்தாராம்.
மணி அடித்தது. பலகையில் விளக்குகள்.
நாற்பத்தெட்டு பச்சை, நாற்பத்தாறு சிவப்பு.
அவர் பெயருக்கு நேரே பச்சை.

முடிவை அறிவிக்கும்வரை மாற்றிக்கொள்ள விதி உண்டு.
அவர் கை பாதி எழுந்தது.
அவைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
ஏழு விநாடி, நான் எண்ணினேன்.
அந்தக் கை பிறகு
காதோரத்து மயிரை ஒதுக்கப் போயிற்று.
விரல் தவறியதா என்று எனக்குத் தெரியாது.
அடுத்த வாரம்
அவருடைய தொகுதி முதியோர் மருத்துவமனைக்கு நிதி ஒதுக்கப்பட்டது.
இது வேறு தேதி. வேறு பக்கம்.

அடுத்த தேர்தலில் ஸ்லெட்டனின் மருமகள் கெயா
கையில் துண்டறிக்கை இல்லாமல்
ஒரு கண்ணாடி ஜாடி கிணற்றுநீரோடு வீடு வீடாக ஏறினாள்.
பேசவே இல்லையாம், ஜாடியை மட்டும் நீட்டினாளாம்.

பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வருவதற்குள்
ஆர்லிஸே கழற்றிவிட்டார்.
நான்கு திருகாணிகளையும் என் மேசையில் வைத்தார்.
"இது மாநிலச் சொத்து."
போகப் போகத் திரும்பி,
"அன்னிக்கு நீ என்ன எழுதினே?"
"வாக்கு எண்ணிக்கை."
"வேற?"
மறுநாள் வாசித்தோமே,
திருத்தம் ஏதுமின்றி ஏற்கப்பட்டது என்றேன்.
தலையாட்டினார். மாடு பார்க்கிறவர்கள் ஆட்டுவதுபோல,
இன்னும் முடிவு சொல்லாமல்.

போன ஏப்ரலில் அந்தப் பக்கம் போக நேர்ந்தது.
சாலை முழுசாக இருந்தது.
காரை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
நாய் போகும், தாராளமாக.
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
விளிம்பில் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது.
பனியாகவும் இருக்கலாம்.
எந்தத் தண்ணீர் என்று
குழாய் கேட்பதில்லை.